வரிப் படிவத்தில் பிறக்கும் விலைக் குறைப்பு: அமெரிக்க மாநிலங்களும் மின்சாரக் கார்களும்

அமெரிக்காவில் புதிய மின்சாரக் கார் வாங்குவோருக்குக் கூட்டாட்சி அரசு அளித்துவந்த 7,500 டாலர் வரையிலான வரிச் சலுகை, 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டத்தின்படி அதே ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாளோடு முடிவுக்கு வந்தது. பெட்ரோல் காரைவிட மின்சாரக் காரின் விற்பனை விலை இன்னமும் கூடுதலாக இருப்பதால், அந்த வேறுபாட்டில் ஒரு பகுதியையேனும் ஈடுகட்டும் பொறுப்பு இப்போது மாநிலங்களின் மீது விழுந்திருக்கிறது. கூட்டாட்சிச் சலுகை நடப்பில் இருந்த காலத்திலும் பல மாநிலங்கள் தத்தம் சட்டமன்றங்களின் வழியே தனியாகச் சலுகைகளை வழங்கியே வந்தன; ஆனால் அவற்றின் அமைப்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டதாலும், ஆண்டுதோறும் தொகை மாறியதாலும், கார் வாங்குவோரில் பலர் அவற்றைச் சரியாக அறிந்திருக்கவில்லை. ஒரு மாநிலம் எவ்வளவு தொகையை அறிவிக்கிறது என்பதைக் காட்டிலும், அத்தொகை எந்த வழியில், எந்தக் கட்டத்தில், எத்தகைய வரம்புகளோடு வாங்குபவரின் கைக்கு வந்து சேர்கிறது என்பதே அதன் பயனைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இம்மாநிலங்களின் கால் நூற்றாண்டு அனுபவம் சான்றாக இருக்கிறது.

பெரும்பாலான மாநிலங்களில் அமெரிக்கக் குடிமகன் ஒருவர் தம் வருமானத்துக்கு இரண்டு அரசுகளிடம் கணக்குக் காட்ட வேண்டியவராக இருக்கிறார். ஒன்று வாஷிங்டனில் உள்ள கூட்டாட்சி அரசு. மற்றொன்று அவர் வாழும் மாநிலத்தின் அரசு. சம்பளக்காரர்களின் வரியை இரு அரசுகளுக்கும் உரிய அளவில் ஒவ்வொரு சம்பளத்திலும் முதலாளியே பிடித்தம் செய்து செலுத்திவிட, ஆண்டு முடிந்தபின் வரிப் படிவத்தை நிரப்பும்போது உண்மையான வரி எவ்வளவு என்பது கணக்கிடப்பட்டு, கூடுதலாகப் பிடித்தது திரும்ப வழங்கப்படுகிறது அல்லது குறைந்தது வசூலிக்கப்படுகிறது. இந்தக் கணக்கில் அரசு இரண்டு வகையாகச் சலுகை காட்ட முடியும். முதல் வகை கழிவு எனப்படும். வரிக்கு உட்படும் வருமானத்திலிருந்து ஒரு தொகையைக் கழித்துக்கொள்ள இது இடம் தருகிறது. இந்திய வருமான வரிச் சட்டத்தின் 80ஈஈபி பிரிவு, மின்சார வாகனக் கடனுக்குச் செலுத்தும் வட்டியில் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கழித்துக்கொள்ள அனுமதித்தது இவ்வகையைச் சேர்ந்தது. இரண்டாம் வகை வரி வரவு எனப்படும். வருமானத்தைத் தொடாமல், கணக்கிட்டு முடித்த வரியிலிருந்தே ஒரு தொகையை நேரடியாகக் குறைப்பது இதன் இயல்பு. 5,000 டாலர் கழிவு கிடைத்தால் ஐந்து விழுக்காடு வரி செலுத்துபவருக்கு மிச்சமாவது 250 டாலர் மட்டுமே; 5,000 டாலர் வரி வரவு கிடைத்தால் மிச்சமாவது முழு 5,000 டாலர். அமெரிக்க மாநிலங்கள் மின்சாரக் காருக்கு அளித்த வருமான வரிச் சலுகைகளில் முதன்மையானவை இந்த இரண்டாம் வகையின.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. கணக்கிட்ட வரியே 2,000 டாலராக இருக்கும்போது 5,000 டாலர் வரவு என்ன ஆகும் என்ற கேள்விக்குச் சட்டங்கள் மூன்று விதமாக விடை சொல்கின்றன. வரி சுழியம் ஆகும் வரை மட்டுமே வரவு பயன்படும், எஞ்சியது வீணாகும் என்பது ஒரு விடை. இது திரும்பத் தரப்படாத வரவு. எஞ்சியதை அடுத்துவரும் ஆண்டுகளின் வரியில் ஈடுசெய்துகொள்ளலாம் என்பது மற்றொன்று. இது முன்கொண்டு செல்லும் வரவு. எஞ்சியதை அரசே பணமாக அனுப்பிவைக்கும் என்பது மூன்றாவது. இது திரும்பத் தரப்படும் வரவு. மாநில வருமான வரியின் விகிதம் கூட்டாட்சி வரியின் விகிதத்தைவிட மிகக் குறைவு என்பதால், இந்த வேறுபாடு மாநில அளவில் பன்மடங்கு முக்கியத்துவம் பெறுகிறது. கொலராடோ மாநிலத்தில் 2024-ஆம் ஆண்டு வருமான வரி, ஏழை பணக்காரர் அனைவருக்கும் ஒரே சீராக 4.25 விழுக்காடு. வரிக்குரிய வருமானம் 50,000 டாலர் உள்ள ஒரு குடும்பம் அவ்வாண்டு மாநிலத்துக்குச் செலுத்த வேண்டிய வரி 2,125 டாலர் மட்டுமே. 5,000 டாலர் வரவு திரும்பத் தரப்படாத வகையாக இருந்திருந்தால் அக்குடும்பம் 2,875 டாலரை இழந்திருக்கும். மூன்று மடங்கு வருமானம் உள்ள குடும்பமோ முழுத் தொகையையும் பெற்றிருக்கும். அறிவிப்பில் எல்லோருக்கும் ஒரே தொகை, பயனில் வசதி படைத்தவருக்கே முழுத் தொகை என்ற இந்தக் கோணல், சட்டத்தின் ஒரு சொல்லால் உருவாவது. அதே சட்டத்தின் வேறொரு சொல்லால் நீங்கக்கூடியது. கொலராடோ தன் வரவைத் திரும்பத் தரப்படும் வகையாகவே வைத்திருக்கிறது.

கூட்டாட்சி மட்டத்தில் இந்தக் கோணலின் அளவைக் காட்டியவர்கள் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பொருளியலாளர்களான செவெரின் போரன்ஸ்டீனும் லூகாஸ் டேவிஸும் ஆவர். வரிப் படிவத் தரவுகளை ஆராய்ந்து அவர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, மின்சாரக் காருக்கான கூட்டாட்சி வரி வரவுகளில் ஏறத்தாழ 90 விழுக்காடு, வருமானத்தில் மேல்தட்டில் உள்ள ஐந்தில் ஒரு பங்கினருக்கே போய்ச் சேர்ந்திருந்தது. புதிய காரை, அதிலும் விலை கூடிய புதுவகைக் காரை வாங்குவோர் இயல்பாகவே வசதி படைத்தவர்கள் என்பது இதற்கு ஒரு காரணம். அந்த வரவு திரும்பத் தரப்படாத வகையாக இருந்தது மற்றொரு காரணம். பொதுப் பணத்திலிருந்து செல்லும் உதவி இவ்வாறு மேல்நோக்கிப் பாய்வதை எந்தச் சுற்றுச்சூழல் நோக்கத்தாலும் முழுமையாக நியாயப்படுத்திவிட முடியாது; கார் வாங்கும் எண்ணத்தை ஏற்கெனவே உறுதிசெய்துவிட்டவருக்குத் தரப்படும் தொகை, சாலையில் ஓடும் மின்சாரக் கார்களின் எண்ணிக்கையை ஒன்றுகூடக் கூட்டுவதில்லை.

மாநில வரவு ஒன்று எவ்வளவு வலிமையோடு சந்தையை அசைக்க முடியும் என்பதை ஜார்ஜியா மாநிலத்தின் கதை காட்டுகிறது. மாசு வெளியிடாத வாகனத்துக்கு அதன் விலையில் 20 விழுக்காடு, உச்ச அளவாக 5,000 டாலர் என்ற வரி வரவு அம்மாநிலத்தில் நெடுங்காலமாகச் சட்டப் புத்தகத்தில் இருந்தும், வாங்குவதற்கு ஏற்ற கார் சந்தையில் இல்லாததால் அதை நாடியவர் மிகச் சிலரே. 2010 இறுதியில் நிசான் நிறுவனத்தின் லீஃப் என்னும் மின்சாரக் கார் அமெரிக்காவுக்கு வந்தபின் நிலைமை தலைகீழாயிற்று. அந்த வரவு காரை விலைகொடுத்து வாங்குவோருக்கு மட்டுமன்றிக் குத்தகைக்கு எடுப்போருக்கும் கிடைத்தது என்பதே இதன் சூட்சுமம். குத்தகை என்பது காரின் உரிமையைப் பெறாமல், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மாத வாடகை செலுத்தி ஓட்டிவிட்டுத் திருப்பித் தரும் ஏற்பாடு. குத்தகையில் காரின் உரிமையாளர் நிதி நிறுவனமே என்பதால் கூட்டாட்சி வரவு அந்நிறுவனத்துக்குச் செல்ல, நிறுவனம் அதை மாத வாடகையில் குறைத்துக்காட்டியது. மாநில வரவோ ஓட்டுபவருக்கே கிடைத்தது. இரண்டும் சேர்ந்தபோது ஈராண்டு வாடகையின் பெரும்பகுதி அரசுகளின் பணத்தாலேயே அடைபட்டது. வரவை முழுவதும் பயன்படுத்த முடியாதவர்கள் எஞ்சியதை ஐந்தாண்டுகள் வரை முன்கொண்டு செல்லவும் முடிந்தது. அலுவலகத்துக்குச் செல்லப் பல மைல் தூரம் கார் ஓட்ட வேண்டியிருந்த அட்லாண்டா நகரப் புறநகர்வாசிகள் திரளாக இக்காரை எடுத்தனர். லீஃப் விற்பனையில் நாட்டின் முன்னணிச் சந்தைகளுள் ஒன்றாக அட்லாண்டா உயர்ந்தது.

சாலைப் பராமரிப்புக்கு நிதி தேடி 2015-இல் ஜார்ஜியா சட்டமன்றம் இயற்றிய போக்குவரத்து நிதிச் சட்டம் அந்த வரவை அவ்வாண்டு ஜூலை 1 முதல் நீக்கியதோடு, தனியார் பயன்பாட்டிலுள்ள மின்சாரக் கார் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 200 டாலர் பதிவுக் கட்டணத்தையும் விதித்தது. அமெரிக்காவில் சாலைகளுக்கான பணத்தில் கணிசமான பகுதி பெட்ரோல் மீதான வரியிலிருந்து வருவதாலும், மின்சாரக் கார் ஓட்டுபவர் அவ்வரியைச் செலுத்துவதில்லை என்பதாலும், இத்தகைய கட்டணத்துக்கு அடிப்படை நியாயம் உண்டு. பிற்காலத்தில் பெரும்பாலான மாநிலங்கள் இதைப் பின்பற்றின. ஆனால் ஊக்கத்தொகையை ஒரே நாளில் நீக்கிவிட்டு அதே நாளில் புதிய கட்டணத்தைச் சுமத்தியது சந்தைக்குப் பேரிடியாயிற்று. அடுத்துவந்த மாதங்களில் மின்சாரக் கார் விற்பனை 80 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. இந்த வீழ்ச்சியை மதிப்பிடும்போது ஒரு செய்தியைக் கருத்தில் கொள்ள வேண்டும்: சலுகை முடியப்போகிறது என்று அறிந்தவர்கள் ஜூன் மாதத்துக்குள் முண்டியடித்து வாங்கிவிட்டதால், பின்னர் வாங்கியிருக்கக்கூடியவர்களின் எண்ணிக்கையும் முன்கூட்டியே தீர்ந்துபோயிருந்தது. 2025 செப்டம்பரில் கூட்டாட்சிச் சலுகை முடிந்தபோதும் இதே அலை நாடு முழுவதும் எழுந்து அடங்கியது. ஆகவே முதல் சில மாதங்களின் எண்ணிக்கையைக் கொண்டு சலுகையின் முழு விளைவையும் அளந்துவிட முடியாது. ஆயினும் சலுகையின் அளவைப் போலவே, அதை விலக்கும் வேகமும் சந்தையைப் பாதிக்கிறது என்பது ஜார்ஜியாவில் ஐயமின்றித் தெரிந்தது.

மாநிலங்கள் நேரடியாகப் பணம் கொடுக்காமல் ஏன் வரிப் படிவத்தின் வழியே சுற்றிவர வேண்டும் என்று வாசகர் கேட்கக்கூடும். கூட்டாட்சி அரசைப் போல் ஆண்டுதோறும் கடன் வாங்கிப் பற்றாக்குறையை நிரப்பிக்கொள்ளும் உரிமை மாநிலங்களுக்கு இல்லை. ஏறத்தாழ எல்லா மாநிலங்களும் வருவாய்க்குள் செலவை அடக்க வேண்டும் என்ற சட்டக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. நேரடி மானியம் என்றால் வரவு செலவுத் திட்டத்தில் செலவுப் பக்கத்தில் ஒரு தொகையைக் காட்டி, பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் ஒதுக்கும் பணத்தோடு அது போட்டியிட வேண்டும். வரி வரவு என்றால் அது வராத வருமானமாகக் கணக்கில் மறைந்துவிடுகிறது. அரசியல்வாதிகளுக்கு இது வசதியானது. அந்த வசதிக்குள்ளேயே ஆபத்தும் இருக்கிறது. தகுதியுடையோர் எத்தனை பேர் வந்தாலும் அத்தனை பேருக்கும் வரவு கொடுத்தாக வேண்டும் என்பதால், மொத்தச் செலவுக்கு மேல்வரம்பு இல்லாமல் போகிறது.

இந்த ஆபத்தின் முழு உருவத்தை 2000-ஆம் ஆண்டில் அரிசோனா மாநிலம் கண்டது. மாநில மக்களவையின் தலைவராக இருந்த ஜெஃப் க்ரோஸ்காஸ்ட் முன்னின்று நிறைவேற்றிய சட்டம், புரொப்பேன், இயற்கை எரிவாயு முதலிய மாற்று எரிபொருளில் ஓடக்கூடிய வாகனங்களுக்கு அவற்றின் விலையில் பாதி வரை ஈடுகட்டும் அளவுக்கு வரி வரவை வாரி வழங்கியது. மாற்று எரிபொருளை உண்மையாகவே பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. மொத்தத் தொகைக்கு உச்சவரம்பும் இல்லை. பெரிய சரக்குந்து வகைக் கார்களை வாங்கி, அவற்றில் சிறிய எரிவாயுக் கலன் ஒன்றைப் பொருத்திக்கொண்டு, பெட்ரோலிலேயே ஓட்டியபடி பல்லாயிரம் டாலர் வரவு கோருவது ஊரறிந்த வழியாயிற்று. சில மில்லியன் டாலரில் முடியும் என்று கருதப்பட்ட திட்டத்தின் செலவு 50 கோடி டாலரைத் தாண்டக்கூடும் என்று சில மாதங்களுக்குள் மதிப்பிடப்பட்டபோது, ஆளுநர் ஜேன் ஹல் சிறப்புக் கூட்டத்தொடரைக் கூட்ட, சட்டமன்றம் அவசர அவசரமாகத் திட்டத்தைச் சுருக்கியது. க்ரோஸ்காஸ்ட் அவ்வாண்டு நவம்பர் தேர்தலில் தோற்றார். காற்றைத் தூய்மையாக்கும் நல்ல நோக்கம், வரம்பும் நிபந்தனையும் எழுதப்படாத ஒரு சட்டத்தால் எப்படி மக்களின் வெறுப்புக்கு ஆளாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான நிகழ்வு அமெரிக்க மாநில வரலாற்றில் அரிது. இன்றைய சட்டங்களில் காணப்படும் விலை வரம்பு, குத்தகைக் காலத்தின் குறைந்தபட்ச அளவு, மொத்த ஒதுக்கீட்டின் எல்லை ஆகியவை வெறும் அலுவலக நடைமுறைகளாகத் தோன்றினாலும், அரிசோனாவில் திறந்துகிடந்த கதவுகளை அடைப்பவை அவையே.

கொலராடோ இந்த அனுபவங்களையெல்லாம் உள்வாங்கிய மாநிலமாகத் தெரிகிறது. அங்கே 2013-ஆம் ஆண்டுச் சட்டம், காரின் விலையையும் பேட்டரியின் கொள்ளளவையும் வைத்துப் பெருக்கிக் கணக்கிடும் ஒரு சூத்திரத்தின்படி 6,000 டாலர் வரை வரவளித்தது. தமக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை வாங்குபவரும் விற்பவரும் கடையில் நின்றபடி சொல்ல முடியாத அந்தச் சூத்திரம், சலுகையின் ஈர்ப்பைக் குறைத்தது. 2016-இல் இயற்றிய சட்டம் 2017 முதல் சூத்திரத்தைக் கைவிட்டு, புதிய மின்சாரக் காருக்குச் சீராக 5,000 டாலர் என்று நிர்ணயித்ததோடு மிகப் பயனுள்ள வேறொரு மாற்றத்தையும் செய்தது. வாங்குபவர் தம் வரவைக் கார்க் கடன் வழங்கும் நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, அதற்கு ஈடான தொகையை அப்போதே விலையில் குறைத்துக்கொள்ளலாம். நிறுவனம் பிறகு அரசிடமிருந்து அத்தொகையைப் பெற்றுக்கொள்ளும். கார் வாங்கிய நாளுக்கும் வரிப் படிவத்தின் பயன் கைக்கு வரும் நாளுக்கும் இடையே ஓராண்டுக்கும் மேல் இடைவெளி விழக்கூடும். அதுவரை முழு விலையையும் தாமே தாங்கும் வசதி எல்லோருக்கும் இருப்பதில்லை. வரவைக் கைமாற்றும் இந்த வழி அந்த இடைவெளியை இல்லாமலாக்கியது. கூட்டாட்சி அரசு இதே போன்ற ஏற்பாட்டை 2024 ஜனவரியில்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒரு மாநிலம் அதை ஏழாண்டுகளுக்கு முன்பே செய்துகாட்டியிருந்தது என்பது குறிப்பிடத் தக்கது.

பின்வந்த சட்டங்கள் தொகையைப் படிப்படியாகக் குறைத்து, 2020-இல் 4,000 டாலராகவும், 2021-இலும் 2022-இலும் 2,500 டாலராகவும், 2023 தொடக்கத்தில் 2,000 டாலராகவும் ஆக்கின. மின்சாரக் காரின் விலை இறங்க இறங்க உதவியும் குறைய வேண்டும் என்பது இதன் பின்னிருந்த கருத்து. ஆனால் ஆளுநர் ஜேரட் போலிஸ் 2023-இல் கையெழுத்திட்ட சட்டம் இதைத் திருப்பி, அவ்வாண்டு ஜூலை முதல் மீண்டும் 5,000 டாலர் ஆக்கியது. கூடவே இரண்டு விலை நிபந்தனைகளும் வந்தன. உற்பத்தியாளர் பரிந்துரைக்கும் விலை, அதாவது காரின் சன்னல் கண்ணாடியில் ஒட்டப்பட்டிருக்கும் தாளில் அச்சிட்ட விலை, 80,000 டாலருக்கு மேற்பட்டால் வரவு கிடையாது. அது 35,000 டாலருக்கு உட்பட்டால், 2024 முதல் மேலும் 2,500 டாலர் உண்டு. விலை குறைந்த காருக்குக் கூடுதல் உதவி என்ற இந்த இரண்டாம் நிபந்தனை, வாங்குபவரின் வருமானத்தை ஆராயும் வேலையை அரசுக்கு வைக்காமலே நடுத்தர வகுப்பினரின் பக்கம் பணத்தைத் திருப்பிவிடும் எளிய உத்தி; மாநிலச் சட்டங்கள் கண்டுபிடித்த உத்திகளுள் சிறந்தவற்றில் ஒன்று என்றே இதைச் சொல்ல வேண்டும்.

அதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். 2024-இல் லீஃப் காரின் அடிப்படை வகை சுமார் 28,000 டாலர் விலையுடையது. இதைக் கொலராடோவில் குறைந்தது இரண்டாண்டு குத்தகைக்கு எடுத்தவருக்கு மாநிலத்தின் 5,000 டாலரும், விலை குறைந்த காருக்கான 2,500 டாலரும் கிடைத்தன. குத்தகைக் கார்களை வணிக வாகனங்களாகக் கருதிய கூட்டாட்சி விதி, கார் எங்கே தயாரானது, பேட்டரியின் கனிமங்கள் எங்கிருந்து வந்தன என்ற கடும் நிபந்தனைகளைப் பாராமல் நிதி நிறுவனத்துக்கு 7,500 டாலர் அளித்தது. மூன்றும் சேர்ந்தால் 15,000 டாலர். அதாவது காரின் விலையில் பாதிக்கும் மேல். குத்தகைக் காலத்தில் காரின் மதிப்பு குறையும் அளவை மட்டுமே ஓட்டுபவர் ஈடுகட்ட வேண்டும் என்பதால், சில விற்பனையாளர்கள் இக்காரை மாதம் 20 டாலருக்கும் குறைவான வாடகைக்கு விளம்பரப்படுத்தும் நிலை ஏற்பட்டது. 2024-ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டில் கொலராடோவில் விற்ற புதிய கார்களில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டவை மின்சாரத்தால் ஓடுபவையாக இருந்தன. பல ஆண்டுகளாக முதலிடத்தில் இருந்த கலிபோர்னியாவை அம்மாநிலம் அந்தக் காலாண்டில் முந்தியது.

இந்தத் தாராளத்துக்குப் பின்னால் கொலராடோவுக்கே உரிய ஒரு காரணமும் இருந்தது. 1992-இல் வாக்காளர்கள் அரசமைப்பில் சேர்த்த வரிசெலுத்துவோர் உரிமைத் திருத்தத்தின்படி, மக்கள்தொகைப் பெருக்கமும் விலைவாசி உயர்வும் அனுமதிக்கும் அளவுக்கு மேல் மாநிலத்துக்கு வருமானம் வந்தால், மிகுதியை மக்களுக்கே திருப்பித் தர வேண்டும். மிகுதி பெருகிய ஆண்டுகளில் வரி வரவு வழங்குவதால் அரசின் பிற செலவுகள் குறைவதில்லை. எல்லோருக்கும் பகிரப்பட வேண்டிய மிகுதியே குறைகிறது. மிகுதி மறைந்தால் கணக்கு மாறும் என்பதை உணர்ந்தே, மாநிலத்தின் வருமான வளர்ச்சி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கும் என்று மதிப்பிடப்பட்டால் வரவு தானாகவே பாதியாகும் என்ற விதியையும் 2023-ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டிருந்தது. 2025-இல் 3,500 டாலராக இருந்த அடிப்படை வரவு 2026-இல் 1,500 டாலராகக் குறைய வேண்டியிருந்தது; வருமான மதிப்பீடு தாழ்ந்ததால் அதிலும் பாதியாகி, 750 டாலரில் நின்றது. முன்னரே அறிவிக்கப்பட்ட வழியில் இறங்கும் இந்த முறை, ஒரே நாளில் கதவடைத்த ஜார்ஜியாவின் முறையைவிட நேர்மையானது; ஆனால் கூட்டாட்சி உதவியும் நின்றுபோன அதே பருவத்தில் இவ்வளவு இறக்கம் நேர்ந்தது வாங்குவோருக்கு இருமடங்குச் சுமையாயிற்று.

குறைந்த வருமானத்தினருக்காகக் கொலராடோ வேறொரு வழியையும் வைத்திருக்கிறது. பழைய, புகை கக்கும் காரை ஒப்படைப்பவர்களுக்கு விலையில் உடனே கழித்துக்கொள்ளத் தக்க சீட்டு வழங்கும் திட்டம் 2023-இல் தொடங்கப்பட்டு, புதிய மின்சாரக் காருக்கு 6,000 டாலரும் பயன்படுத்திய காருக்கு 4,000 டாலரும் அளித்தது. 2025 இறுதியில் இத்தொகைகள் 9,000 டாலராகவும் 6,000 டாலராகவும் உயர்த்தப்பட்டன. வரி வரவு குறைந்துகொண்டே வரும்போது இந்தச் சீட்டின் மதிப்பு கூடியிருப்பது சரியான திசையில் செல்லும் மாற்றம். பயன்படுத்திய காரையும் சேர்த்துக்கொண்டது அதைவிடச் சரியானது. ஏனெனில் ஏழைக் குடும்பங்கள் புதிய கார் வாங்குவது அரிது.

எல்லா மாநிலங்களாலும் வருமான வரி வரவு தர முடியாது. சம்பளத்துக்கு மாநில வருமான வரியே இல்லாத வாஷிங்டன் மாநிலம், விற்பனை வரியில் விலக்கு அளித்தது. புதிய காரின் விலையில் 15,000 டாலர் வரையிலான பகுதிக்குக் கிடைத்த அந்த விலக்கு 2025 ஜூலை இறுதியில் காலாவதியாயிற்று. நியூ ஜெர்சி 2004 முதல் மின்சாரக் காருக்கு முழு விற்பனை வரி விலக்கு அளித்துவந்து, 2024 அக்டோபரில் அதைப் பாதியாக்கி, 2025 ஜூலையில் முற்றிலும் நீக்கியது. இதற்கிடையே ஆண்டுக்கு 250 டாலரில் தொடங்கி உயரும் பதிவுக் கட்டணத்தையும் விதித்து, புதிய கார் வாங்குவோர் நான்காண்டுக் கட்டணமான 1,060 டாலரை முன்கூட்டியே செலுத்த வேண்டும் என்றும் ஆக்கியது. ஓரிகன் மாநிலம் வரிப் படிவத்தையே விலக்கி, புதிய கார்களின் விற்பனை மீது வசூலிக்கும் சிறு வரியிலிருந்து நேரடித் தள்ளுபடி வழங்குகிறது. இதில் அரிசோனாவின் ஆபத்து இல்லை. ஆனால் நிதி தீர்ந்ததும் திட்டம் நின்றுவிடுகிறது. 2023 மே மாதம் நிறுத்தப்பட்ட ஓரிகன் திட்டம், 2024 ஏப்ரலில் திறந்து ஜூன் தொடக்கத்தில் மீண்டும் மூடப்பட்டது. மேரிலாந்தில் 3,000 டாலர் வரையிலான உரிமைப்பதிவு வரி வரவுக்கு ஆண்டுதோறும் ஒதுக்கிய நிதியைவிடக் காத்திருப்போரின் பட்டியல் நீண்டுபோயிற்று. வரம்பில்லாத வரவு கருவூலத்தைக் காலி செய்யும் என்றால், வரம்புள்ள நிதி வாங்குபவரை நாட்காட்டியோடு சூதாட வைக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையில், தொகை தெரிந்ததாகவும், கடையிலேயே கிடைப்பதாகவும், விலை குறைந்த காருக்கு மிகுவதாகவும், இறங்கும் வழி முன்னரே எழுதப்பட்டதாகவும் அமைந்த கொலராடோவின் முறையே இதுவரை நடைமுறையில் உள்ளவற்றுள் மேலானது.

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் உட்பட, அங்கே மின்சாரக் கார் வாங்க எண்ணும் எவரும் விற்பனையாளரின் வாய்மொழியை மட்டும் நம்பாமல், தம் மாநில வரித்துறை அவ்வாண்டுக்கு வெளியிட்டுள்ள விதிகளை நேரடியாகப் படிக்க வேண்டும். வரவு திரும்பத் தரப்படுவதா, கடையிலேயே கைமாற்ற முடியுமா, விலை வரம்பு எதை வைத்துக் கணக்கிடப்படுகிறது, குத்தகைக்கும் பொருந்துமா என்ற கேள்விகளோடு, எந்த நாள் கணக்கில் கொள்ளப்படும் என்ற கேள்வியையும் கேட்டாக வேண்டும். கூட்டாட்சிச் சலுகையின் இறுதி நாட்களில், செப்டம்பர் 30-க்குள் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் எழுதி ஒரு பகுதிப் பணமேனும் செலுத்தியிருந்தால், காரைப் பின்னர் பெற்றுக்கொண்டாலும் போதும் என்று வருமான வரித்துறை ஏற்றுக்கொண்டது. மாநிலச் சட்டங்கள் எல்லாம் அவ்வாறு ஏற்கும் என்று எண்ணிவிடக் கூடாது. வரவைக் கைமாற்றிக்கொடுத்தவர்கள் அதற்கான ஒப்பப் படிவத்தின் நகலையும், சன்னல் விலைத் தாளையும், கார் பதிவுச் சான்றையும் வரிக் கணக்கு முடியும் வரை பத்திரமாக வைத்திருப்பது அவசியம்.